அடைக்கலம் அண்ணனுக்கு எடுத்த விழா

அது என்னா தம்பி மடியில, ஷீல்டா? பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கல, பாத்தாலே தெரியுது. யாருக்கு? ஓ, உங்க பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கா. பென்சன் வாங்கிட்டாரா. நல்லது, நல்லது. செய்யுங்க. ஆளு உயிரோட இருக்கறப்பவே செஞ்சிடணும். செத்த பிறகு மாலை போட்டு என்னா பண்றது? நானும் எங்க மன்றத்துல இதையேதான் சொன்னேன்.

நல்லா சாஞ்சு உக்காருங்க. ஈப்போ போய்ச் சேர எப்படியும் ஒண்ணரை மணி நேரம் ஆகும். இந்த டிரைவர் பொறுமையா ஓட்டுற ஆளு, கோலகங்சார்ல நிறுத்தி பால் போடாத கோப்பி ஓ ஒண்ணு குடிச்சுட்டுத்தான் எடுப்பான். எனக்குத் தெரியும், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இவன் பஸ்லதான் போறேன். நானும் இருபத்திரெண்டு வருஷம் லோரி ஓட்டினவன்தான். என் பேரு சன்னாசி. தைப்பிங்ல டாம் மன்றத்துக்கு நான்தான் செயலாளர்.

டாம் தெரியுமா உங்களுக்கு? கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட போர்டு இருக்கும்ல, அதேதான். ஆனா சதுரங்கம் மாதிரி ராஜா மந்திரி ஒண்ணும் கிடையாது, எல்லாக் காயும் ஒண்ணுதான். குறுக்கால நகரும், எதிராளி காயைத் தாண்டிக் குதிச்சா அது நம்மளுது. தின்னுறதுன்னு சொல்லுவோம். இங்க நாம ஆடுறது பெரிய ஆட்டம், பன்னெண்டுக்குப் பன்னெண்டு கட்டம், ஆளுக்கு முப்பது காய். கோப்பிக்கடையில காய்க்கெல்லாம் எங்க போறது, பியர் போத்தல் மூடிதான். ஒருத்தனுக்கு நிமித்தி வச்ச மூடி, ஒருத்தனுக்குக் கவுத்தி வச்ச மூடி.

ஒரு சட்டம் மட்டும் சொல்லிடறேன், அது தெரியாட்டி நான் சொல்றது உங்களுக்கு விளங்காது. தின்னுறதுக்கு வழி இருந்தா தின்னே ஆகணும். கவனிக்காம வேற காயை நகத்திட்டீங்கன்னு வைங்க, நான் உங்க காயை, அந்தத் தின்னாம விட்ட காயை, எடுத்து இப்படி வாய்கிட்ட வச்சு ஃபூன்னு ஊதிட்டுக் கீழ வச்சிடுவேன். அவ்வளவுதான், அந்தக் காய் போச்சு. அதுக்கு மேல என் ஆட்டத்தையும் நான் ஆடுவேன். ஊதுறதுன்னு பேரு. பாக்காம விட்டதுக்குத் தண்டனை.

நான் விழா எடுத்தது அடைக்கலம் அண்ணனுக்கு. ரயில்வேயில தண்டவாளப் பாயிண்ட் மாத்துற வேலை பாத்தவரு, இப்ப எழுபத்தி நாலு வயசு. தைப்பிங்ல அவரை ஜெயிச்ச ஆளு கிடையாது. சீனன், மலாய்க்காரன், நம்மாளு, எல்லாரும் வந்து உக்காந்து பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டானுங்க. பினாங்குலேருந்து ஒரு சீனன் காடி ஓட்டிகிட்டு வந்து மூணு நாள் ரூம் போட்டுத் தங்கி ஆடினான். மூணாவது நாள் எந்திரிச்சுக் கையைக் குடுத்துட்டு, ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான்.

நான் அவருகிட்ட போய்ச் சேர்ந்தப்ப எனக்கு நாப்பத்தி நாலு வயசு தம்பி. சின்னப் பையன் இல்ல. லோரி கவுந்து கால் ஒடிஞ்சு எட்டு மாசம் சும்மா கிடந்தேன். அந்த எட்டு மாசத்துல குடிதான். பொண்டாட்டி அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. ரயிலடிக்குப் பின்னால கோப்பிக்கடையில போய் உக்காந்துகிட்டு இவரு ஆடுறதைப் பாத்துகிட்டு இருப்பேன். ஒரு நாள் நிமிந்து பாத்து, "நாளைக்கு அஞ்சு மணிக்கு வா, குடிக்காம வா"ன்னாரு. அவ்வளவுதான் பேச்சு. குடிச்சுட்டுப் போனா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. மூடியெல்லாத்தையும் வழிச்சுப் பையில போட்டுகிட்டு எந்திரிச்சுப் போயிடுவாரு. நாலு தடவை போட்டுகிட்டுப் போனாரு. அஞ்சாவது தடவை நான் குடிக்காம போனேன்.

இப்படிக் காயை வை, அப்படி வைன்னு சொல்லித் தர்ற ஆளு இல்ல அவரு. நம்மளைத் தோக்கடிப்பாரு. தோத்த பிறகு காயெல்லாத்தையும் எந்த இடத்துல நாம கோட்டை விட்டோமோ அந்த இடத்துக்குத் திருப்பிக் கொண்டு போயி வச்சு, போர்டை அப்படியே சுத்திவிட்டு, "இப்ப நீ என் பக்கம் ஆடு"ம்பாரு. நான் தோத்த பக்கத்தை அவரு எடுத்துகிட்டு, அதை வச்சே என்னைத் திரும்பத் தோக்கடிப்பாரு. ஒரே சாயங்காலத்துல ஒரே ஆட்டத்துல ரெண்டு பக்கமும் தோத்தவன் தம்பி நான். இது மாதிரி பதினாறு வருஷம். ஒரு தடவை ஜெயிச்சது கிடையாது. மூணு தடவை டிரா. மூணும் எனக்குத் தேதியோட ஞாபகம் இருக்கு.

போன வருஷம் நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம் அண்ணனுக்கு ஸ்ட்ரோக் வந்துடுச்சு. குளிக்கப் போனவரு அங்கேயே விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தேன். பேச்செல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, வாய்கூடக் கோணல. இடது கை மட்டும் துவண்டு கிடந்துச்சு. என் கையைப் பிடிச்சுகிட்டு, "சன்னாசி, வீட்டுக்குப் போனதும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வாடா, ஒரு ஆட்டம் போடுவோம். ஆடாம இருந்தா மறந்துடும்"னாரு. வர்றேண்ணேன்னு சொன்னேன். சொல்லிட்டு நேரா மன்றத்துக்குப் போனேன். அன்னிக்குக் கூட்டம் இருந்துச்சு. எந்திரிச்சுச் சொன்னேன், இந்த மனுஷனுக்கு நாம ஒரு விழா எடுக்காட்டி நாமெல்லாம் மனுஷனே கிடையாது, பெருசா எடுக்கணும், தைப்பிங்ல டாமுக்கு இது மாதிரி ஒரு விழா நடந்ததில்லேன்னு சொல்லணும், அப்படின்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. யாரு பொறுப்புன்னு கேட்டப்ப எல்லாரும் என்னைப் பாத்தாங்க.

மூணு மாசம் தம்பி. விழா எடுக்கறதுன்னா சும்மாவா? நீங்களே பாத்திருப்பீங்க. தலைமை தாங்க ஒரு பெரிய மனுஷன், டத்தோ பட்டம் வாங்கினவரு, தேதி குடுக்கணும். டத்தோ குடுத்த தேதிக்கு மண்டபம் கிடைக்கணும். மண்டபம் கிடைச்சா அன்னிக்குச் சாப்பாட்டுக்காரனுக்கு வேற கல்யாணம். அண்ணன் படம் போட்டு வாசல்ல பத்தடி பேனர் ஒண்ணு. மன்றத்துல இருந்ததுல நல்ல படமா ஒண்ணு எடுத்தேன், தலை கறுப்பா, மீசையோட இருக்கற படம். சால்வை, மாலை, ஷீல்டு, உங்க கையில இருக்கே அதைவிடப் பெருசு. இத்தனைக்கும் நான் ஒத்தை ஆளு.

அண்ணன் வீடு எங்க வீட்டுலேருந்து மோட்டார்சைக்கிள்ல பத்து நிமிஷம். நான் போகக் கூடாதுன்னு இல்ல. நேரம் இல்ல. அவருக்காகத்தானே அலைஞ்சேன்?

லூர்து அக்கா, அதான் அண்ணன் சம்சாரம், போன் பண்ணுவாங்க. முதல் தடவை பண்ணி, "சன்னாசி, உங்கண்ணன் ஞாயித்துக்கிழமை காலையிலேயே சட்டை மாட்டிகிட்டு உக்காந்துடுறாரு, வரலையாப்பா?"ன்னாங்க. மண்டப விஷயமா அலையறேன்கா, வர்ற வாரம் கண்டிப்பா வர்றேன்னேன். வர்ற வாரம் டத்தோவோட பி.ஏ.வைப் பாக்கப் போயிட்டேன்.

ரெண்டாவது தடவை போன் பண்ணப்ப, "மேடையில ஆட்டம் உண்டாமே, போர்டு எவ்வளவு பெருசு சன்னாசி?"ன்னு கேட்டாங்க. எனக்குச் சந்தோஷமாயிடுச்சு, ஏன்னா அந்தப் போர்டு என் யோசனை. விழாவுல வெறும் பேச்சா பேசினா யாரு உக்காருவா? நானும் அண்ணனும் மேடையில ஒரு ஆட்டம் ஆடுறோம், குருவும் சிஷ்யனும், அதுக்குன்னு தச்சர்கிட்ட சொல்லித் தேக்குல ஒரு போர்டு. ஒரு கெஜம் அகலம் தம்பி! ஒவ்வொரு காயும் தோசைக் கரண்டி அகலம் இருக்கும். கடைசி வரிசையில உக்காந்திருக்கறவனுக்கும் தெரியணும்ல. ஒரு கெஜம்கான்னு சொன்னேன். அக்கா, "வீட்டுல இருக்கே பழசு, சின்னது, அதையே எடுத்துகிட்டு வரட்டுமா?"ன்னாங்க. அக்கா, டத்தோ வர்றாரு, பியர் மூடியை வச்சுகிட்டா ஆட முடியும், நீங்க பேசாம வாங்கன்னு சொன்னேன். அந்தம்மாவுக்கு எப்பவுமே ஆடம்பரம் ஆகாது. அதனாலதான் சொல்றாங்கன்னு நினைச்சேன். வேற எப்படி நினைக்கறது?

மூணாவது போன் விழா அன்னிக்குக் காலையில. "சன்னாசி, அவரை உக்கார வைக்கறப்ப கொஞ்சம்..."னு ஆரம்பிச்சாங்க. அந்த நேரம் பாத்துச் சாப்பாட்டுக்காரன் வந்து நிக்குறான், சோறு ரெண்டு அண்டா போதுமா மூணான்னு. அக்கா நேர்ல பேசிக்குவோம்னு வச்சுட்டேன். நேர்லயும் பேச முடியல. மண்டபத்துக்கு வந்தவங்களுக்குச் சட்டையில குத்துற ரிப்பன் பூ ஒண்ணு குடுத்து முன்வரிசையில உக்கார வச்சேன். என் கையைப் பிடிக்க வந்தாங்க. அதுக்குள்ள டத்தோ காடி வந்துடுச்சு.

விழா நல்லாத்தான் நடந்துச்சு. அதுல குறையே சொல்ல முடியாது. முந்நூறு பேரு. டத்தோ அரை மணி நேரம் பேசினாரு, அடைக்கலம்ங்கறதை ரெண்டு தடவை ஆரோக்கியம்னு சொன்னாரு, அது பரவாயில்ல. சால்வை போத்தினோம். அண்ணன் ஒத்தைக் கையால கும்பிட்டாரு. வெள்ளைச் சட்டை, புதுசு. இளைச்சுப் போயிருந்தாரு, ஆனா கண்ணு அதே கண்ணு. என்னைப் பாத்துச் சிரிச்சு, "ஒரு வழியா வந்துட்டியாடா"ன்னாரு.

போர்டு நடுவுல, அவரு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். டேபிள் மேல ஒரு மைக். காய் வைக்கற சத்தம் மண்டபத்துக்கே கேக்கட்டும்னு வச்சது, அதுவும் என் யோசனைதான்.

முதல் பத்து பன்னெண்டு நகர்த்தல் பிரமாதமா ஆடினாரு. வலது பக்கமா அடிச்சுகிட்டு வந்தாரு, நான் கிடுகிடுன்னு பின்னால போயிட்டேன். அதே பழைய அடைக்கலம் அண்ணன். அப்புறம் அவரோட இடது ஓரத்துல என் காய் ஒண்ணு தனியா மாட்டுச்சு. தின்னுறதுக்கு வழி பச்சையா இருக்கு. அவரு அதைத் தின்னாம வலது பக்கம் ஒரு காயை நகத்திட்டுக் கையை மடியில வச்சுகிட்டு உக்காந்துட்டாரு.

நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க? சொல்லுங்க. நான் சொல்றேன் கேளுங்க. அவருக்கு அதுல ஒரு வித்தை உண்டு. வேணும்னே தின்னாம விடுவாரு. ஊதுடான்னு ஒரு காயைக் குடுத்துட்டு, நாம ஊதின சந்தோஷத்துல இருக்கறப்ப மூணு காயைக் குதிச்சுத் தின்னுட்டுப் போயிடுவாரு. தைப்பிங் பூரா அதுலதான் விழுந்துச்சு. பினாங்குச் சீனனும் அதுலதான் விழுந்தான். அதனால நான் பயந்துட்டேன். அஞ்சு நிமிஷம் போர்டையே முறைச்சுகிட்டு இருந்தேன், பொறி எங்க இருக்குன்னு தேடினேன். கிடைக்கல. சரி வர்றது வரட்டும்னு, தின்னாம விட்ட அவரு காயை எடுத்து ஊதினேன். மைக்ல ஃபூன்னு கேட்டுச்சு. முந்நூறு பேரும் கை தட்டினாங்க. அவங்களுக்கும் அந்த வித்தை தெரியும்ல, கிழவன் ஆரம்பிச்சுட்டான்யா, சன்னாசி தொலைஞ்சான்னு பின்னால எவனோ கத்தினான்.

ரெண்டாவதும் அதே இடது பக்கம். ஊதினேன், கை தட்டினாங்க. மூணாவது காய்ல கொஞ்சம் யோசிச்சேன். ஏன்னா ரெண்டு காய் குடுத்துட்டு அவரு ஒண்ணும் திருப்பித் தின்னல. யோசிச்சேன். யோசிச்சுட்டு ஊதினேன்.

அதுக்கப்புறம் நாலு. மொத்தம் ஏழு காய் ஊதினேன். அவரோட இடது பக்கம் பூரா காலி, அந்த வழியா என் காய் ஒண்ணு கடைசிக் கட்டத்துக்குப் போயிடுச்சு. கடைசிக்குப் போயிட்டா அதுக்கு ஆஜின்னு பேரு, மலாய்க்காரங்க வச்ச பேரு, முன்னாலயும் பின்னாலயும் எவ்வளவு தூரம் வேணும்னாலும் போய்த் தின்னலாம். அண்ணனுக்கு எதிரா எனக்கு ஆஜி கிடைச்சதே இல்ல. அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டேன்.

ஜெயிச்சுட்டேன். பதினாறு வருஷம் கழிச்சு. டத்தோ எந்திரிச்சு நின்னு கை தட்டுறாரு. அப்பதான் அண்ணன் போர்டையே பாத்துகிட்டு, மெதுவாத்தான் கேட்டாரு, ஆனா மைக் இருந்துச்சு பாருங்க, மண்டபம் பூரா கேட்டுச்சு. "சன்னாசி, என் காயெல்லாம் எங்கடா?"

எல்லாரும் சிரிச்சாங்க. ஜோக் அடிக்கறாருன்னு நினைச்சாங்க. டத்தோவும் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். ஷீல்டு குடுத்தோம், போட்டோ எடுத்தோம், எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. ஆட்டுக்கறி நல்லாயிருந்துச்சுன்னு இப்பவும் சொல்றானுங்க.

ரெண்டு வாரம் கழிச்சு அண்ணன் மக வந்து அண்ணனையும் அக்காவையும் ஈப்போவுக்குக் கூட்டிகிட்டுப் போயிட்டா. நான் போட்டோ ஆல்பத்தை எடுத்துகிட்டு இதே பஸ்ல போனேன். நல்ல ஆல்பம், அட்டையில தங்க எழுத்து. கதவு திறந்து கிடந்துச்சு, அண்ணன் ஹால்ல சாய்வு நாற்காலியில படுத்திருந்தாரு. பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்துச்சு, அதுல போய் உக்காந்தேன். அண்ணேன்னு கூப்பிட்டேன். அவரு திரும்பல. தூங்கறாராக்கும்னு எட்டிப் பாத்தா கண்ணு முழிச்சுத்தான் இருக்காரு. அடுப்படியைப் பாத்துகிட்டு இருக்காரு. நான் இருக்கறது அவருக்குத் தெரியவே இல்ல. கோவமா இருக்காருபோல, அதான் பேச மாட்டேங்கறாருன்னு நினைச்சு வாயை மூடிகிட்டு உக்காந்துட்டேன்.

அப்ப அடுப்படியைப் பாத்து, "லூர்து, அந்த விஷயத்தை யாருகிட்டயும் சொல்லிடாதே, என்னா?"ன்னாரு. உள்ளேருந்து அக்கா, "எந்த விஷயம்?"ன்னாங்க. "சன்னாசி என் காயை எடுத்த விஷயம்தான். மன்றத்துல தெரிஞ்சா அவனை உள்ளேயே விட மாட்டானுங்க. நல்லவன்தான், ஏதோ ஆசையில எடுத்துட்டான்." அக்கா, "அவன் எதுக்குங்க எடுக்கப் போறான்"னாங்க. "நான் முப்பது காய் வச்சேன்டி. ஆட்டத்துல போனது எனக்குத் தெரியாதா? ஏழு காய் அப்படியே இல்ல. கண்ணு முன்னால வச்ச காய் எங்க போகும்?"னாரு.

நான் ஒரு கை தூரத்துல உக்காந்திருக்கேன் தம்பி. மடியில ஆல்பம்.

அக்கா கையைத் துடைச்சுகிட்டு வெளிய வந்தவங்க என்னைப் பாத்துட்டாங்க. பேசாதேன்னு சைகை காட்டி வாசலுக்குக் கூட்டிகிட்டுப் போனாங்க. அங்க நின்னுதான் சொன்னாங்க. அவருக்கு இடது பக்கம் தெரியாதாம். கண்ணு நல்லாத்தான் இருக்காம், மூளையில அந்தப் பக்கம் இல்லாம போயிடுச்சாம். தட்டுல சோறு போட்டா வலது பாதியைச் சாப்பிட்டுட்டு இன்னும் கொஞ்சம் போடும்பாராம். தட்டைச் சுத்தி வச்சா மீதியைச் சாப்பிடுவாராம். இடது பக்கம் ஆளு நின்னா ஆளே இல்ல. பேசினாலும் அடுத்த வீட்டுல பேசறாங்கன்னு இருப்பாராம். அதுல பெரிய கொடுமை, தனக்கு அப்படி இருக்குன்னு அவருக்கே தெரியாது. எடுத்துச் சொன்னா, நல்லாத்தானே இருக்கேன்பாராம். சின்னப் போர்டா இருந்து, அதைக் கொஞ்சம் வலது பக்கமா தள்ளி வச்சா எல்லாக் கட்டமும் தெரியுமாம். அக்கா அதைக் கண்டுபிடிச்சு, ஆட்டத்தைக் கத்துகிட்டு, தினம் அவரோட ஆடுறாங்களாம். நான் வரலேல்ல, அதனால.

"இதத்தான்பா உங்கிட்ட சொல்ல வந்தேன். அவரு பக்கத்துலயே படுத்திருப்பாரு, போன்ல எப்படி வாய்விட்டுச் சொல்றது"ன்னாங்க. நான் சரிக்கான்னேன். "காயை நீ எடுக்கலைன்னு நான் எவ்வளவோ சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்கறாரு. நீ ஊதித்தான் ஜெயிச்சேன்னு சொன்னா, நான் ஏழு தடவை பாக்காம விட்டேனான்னு கேப்பாரு. அவரு எதைக் கேட்டாலும் தாங்குவாரு. அதைத் தாங்க மாட்டாரு சன்னாசி." அதுக்கும் சரிக்கான்னேன். அழுகை வரல, கோவம் வரல, ஒண்ணும் வரல. ஊசி போட்டு மரத்துப் போன பல்லு மாதிரி இருந்துச்சு எல்லாம். பஸ் ஏறி வந்துட்டேன்.

அதுலேருந்து ஞாயித்துக்கிழமை தவறாம போறேன். போயி அதே நாற்காலியில, அவரு இடது பக்கம் உக்காந்துக்குவேன். அக்கா ஒரு கப் தண்ணி கொண்டு வந்து வைப்பாங்க. ரெண்டு பேரும் ஆடுவாங்க, நான் பாத்துகிட்டு இருப்பேன். அக்கா பாக்காம விட்டா அவரு ஊதுவாரு, ஊதிட்டுச் சிரிப்பாரு. ஒரு மணி நேரம் இருந்துட்டு எந்திரிச்சு வந்துடுவேன். நான் வந்தது அவருக்குத் தெரியாது, போனதும் தெரியாது. இப்படி ஏழெட்டு வாரம். வலது பக்கம் போயி உக்காரலாம்ல, ஏன் உக்காரலேன்னு கேக்கறீங்களா? உக்காந்தா என்னைப் பாப்பாரு. பாத்தா ஏதாவது பேசணும். என்னான்னு பேசறது? எடுக்கலேண்ணேன்னு சொன்னா, ஏழு தடவை பாக்காம விட்டது தெரிஞ்சு அவரு உடைஞ்சு போயிடுவாரு. எடுத்தேன்னு சொன்னா நான் திருடன்.

போன வாரம் அக்கா உள்ள இருந்தாங்க. அண்ணன் தனியா போர்டைப் பாத்துகிட்டு இருந்தாரு. எனக்கு என்னா ஆச்சுன்னு தெரியல, நாற்காலியைத் தூக்கிகிட்டுப் போயி வலது பக்கம் போட்டு உக்காந்தேன். "அட, எப்படா வந்தே?"ன்னாரு. இப்பதாண்ணேன்னேன். அப்படியே சொல்லிட்டேன். அண்ணே, அன்னிக்கு விழாவுல உங்க காயை நான் எடுத்துட்டேண்ணே, யாரும் பாக்காதப்ப, ஏழு காய், மன்னிச்சுக்குங்கண்ணேன்னேன். அவரு மானம் போகக் கூடாது, அவ்வளவுதான். விழா எடுத்தேனே, அதைவிட இது பெருசுன்னு மனசுக்குள்ள எனக்கு ஒரு நினைப்பு. அவருக்காக நான் திருடன் பேரு வாங்கறேன்னு ஒரு நினைப்பு.

அண்ணன் கோவிக்கல. தலையைத் தலையை ஆட்டினாரு. "எனக்குத் தெரியும்டா"ன்னாரு. என் முகத்தையே பாத்தாரு. பிறகு சொன்னாரு, "காய் போனதை நான் பாக்கல. நீ எனக்கு நேரா உக்காந்திருந்தே, உன் மூஞ்சியைத்தான் பாத்தேன். ஒவ்வொரு காய்க்கும் உன் மூஞ்சி மலந்துச்சுடா. பதினாறு வருஷத்துல அப்படிச் சந்தோஷமா உன்னை நான் பாத்ததே இல்ல. இவ்வளவு ஆசையாடா உனக்கு? கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

நான் காயை அடுக்கினேன்.